கித்தாவுக்கு எழுதிய விதிவிலக்கு

அமெரிக்காவைப் பற்றிப் பேசாத தேநீர்க்கடை இன்று ஈப்போவில் இல்லை. டிரம்ப் போடும் வரியால் நம் தொழிற்சாலைகளுக்கு என்ன ஆகும் என்பதில் தொடங்கி, 2023இல் நம் ஊர்ப் பெண் மிச்செல் இயோ ஆஸ்கர் விருதோடு நின்றது வரை எல்லாம் அலசப்படுகிறது. 2020இல் மினியாபோலிஸ் தெருவில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தை ஒரு போலீஸ்காரர் முழங்காலால் அழுத்திக் கொன்ற காணொளியைப் பார்த்து நம் பிள்ளைகள் கொதித்தார்கள். நியாயமான கொதிப்பு. ஆனால், அமெரிக்கச் சட்டப் புத்தகத்தில் நம் பாட்டன் பாட்டியரின் வாழ்வைத் தொட்ட ஒரு வாக்கியம் 85 ஆண்டுகள் இருந்ததைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்த வாக்கியத்தின்மீது தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. அப்படிச் சொல்லும்போது, அதே போன்ற ஒரு வாக்கியத்தை நாமே நம் சட்டத்திலும் நம் வீடுகளிலும் வைத்திருப்பதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும்.

1930 ஜூன் 17 அன்று அதிபர் ஹெர்பர்ட் ஹூவர் ஒரு சுங்கவரிச் சட்டத்தில் கையொப்பமிட்டார். ஸ்மூட்–ஹாலி சட்டம் என்று வரலாறு அதைக் குறிப்பிடுகிறது. வரியைக் கண்டபடி உயர்த்தி உலகப் பொருளாதார மந்தத்தை ஆழமாக்கியது என்ற கெட்ட பெயர் அதற்கு உண்டு. அதற்குள் 307ஆம் பிரிவு இருக்கிறது. சிறைக்கைதிகளின் உழைப்பால், கட்டாய உழைப்பால், தண்டனைக்கு அஞ்சிச் செய்யும் ஒப்பந்தக் கூலி உழைப்பால் உண்டான பொருள் எதுவும் அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்கக் கூடாது என்றது அந்தப் பிரிவு. நல்ல சட்டம்தான். ஆனால் கட்டாய உழைப்புக்கும் ஒப்பந்தக் கூலிக்கும் மட்டும் ஒரு விலக்கைச் சேர்த்தே எழுதினார்கள். அமெரிக்காவின் தேவைக்குப் போதுமான அளவு அமெரிக்காவில் உற்பத்தியாகாத பொருளுக்கு இந்தத் தடை பொருந்தாது என்பதே அந்த விலக்கு.

கித்தா, அதாவது ரப்பர், அமெரிக்காவில் விளையாது. தேயிலையும் காப்பியும் அவர்களுக்குப் போதிய அளவில் விளைவதில்லை. ஆகவே உலகின் எந்த மூலையில் யாரைக் கடனில் கட்டிப்போட்டு எடுத்த பாலாக இருந்தாலும், அது தடையில்லாமல் உள்ளே வரலாம் என்று சட்டமே கதவைத் திறந்து வைத்தது. தனக்குத் தேவைப்படாத பொருளில் மட்டும் அடிமைத்தனத்தை எதிர்த்த இந்தச் சட்டத்தை அறக்கேடு என்று நாம் சொல்கிறோம். ஏறத்தாழ நூறாண்டுக்கு முந்தைய மனிதர்களை இன்றைய அளவுகோலால் அளக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அளக்கலாம். எது தவறு என்பது அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. அதைத் தடைசெய்யும் வரியை எழுதியவர்களும் அவர்களே. தவறு என்று எழுதிவிட்டு, அந்தத் தவறால் வரும் லாபத்தை மட்டும் காப்பாற்றிக்கொண்டார்கள். அறியாமல் செய்ததை மன்னிக்கலாம். இதை அறியாமை என்று சொல்ல வழியில்லை.

இதில் நம் பேராக் மாநிலம் எங்கே வருகிறது என்றால், முதலிலேயே வருகிறது. 1877இல் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒன்பது கித்தாக் கன்றுகளைப் பேராக்கின் ரெசிடென்ட் ஹியூ லோ கோலகங்சாரில் தம் மாளிகைத் தோட்டத்தில் நட்டார். அந்தக் காலத்து மரம் ஒன்று இன்றும் அந்த ஊரில் நிற்கிறது. நட்டபோது அதன் பயன் என்னவென்று தோட்டக்காரர்களுக்கே தெளிவில்லை. 1908இல் ஹென்றி ஃபோர்டு மாடல் டி காரைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு எல்லாருக்கும் தெளிந்துவிட்டது. ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரின் டயர் ஆலைகள் கேட்கக் கேட்க, சுங்கை சிப்புட்டிலும் பீடோரிலும் தெலுக் இந்தானிலும் காடு அழிந்து நிரை நிரையாகக் கித்தா எழுந்தது. நிரைக்கு ஆள் வேண்டுமே. தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆர்க்காட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்துக் கப்பலேற்றினார்கள். 1920களில் உலகக் கித்தாவில் ஏறத்தாழ முக்கால் பங்கை அமெரிக்கா ஒன்றே வாங்கிக்கொண்டிருந்தது. விடியுமுன் பெரட்டில் நின்று பேர் கொடுத்து, மரத்துக்கு மரம் ஓடி வெட்டி, மங்கு மங்காகக் கவிழ்த்து, வாளி சுமந்து ஸ்டோரில் எடை போட்ட பாலில் பெரும்பகுதி கடைசியில் அமெரிக்கச் சாலைகளில்தான் உருண்டது.

ஹூவருக்கு இது புதிய செய்தி அன்று. அதிபராவதற்கு முன் 1921 முதல் 1928 வரை அவர் அமெரிக்காவின் வணிகச் செயலாளர். அந்தக் காலத்தில் விலையைத் தூக்கி நிறுத்துவதற்காகப் பிரிட்டன் மலாயாவிலும் இலங்கையிலும் கித்தா ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. 1922 நவம்பரில் தொடங்கிய அந்த ஏற்பாட்டுக்கு ஸ்டீவன்சன் திட்டம் என்று பெயர். 1925இல் ஒரு பவுண்டு கித்தா ஒரு டாலரைத் தாண்டியதும் அமெரிக்காவில் பெரும் கூச்சல் எழுந்தது. அதை முன்னின்று நடத்தியவர் ஹூவர். ஃபயர்ஸ்டோன் நிறுவனம் லைபீரியாவில் பத்து லட்சம் ஏக்கரை 99 ஆண்டுக் குத்தகைக்கு வளைத்தது. ஃபோர்டு அமேசான் காட்டுக்குள் தம் பெயரிலேயே ஒரு நகரம் கட்டித் தோற்றார். கார் ஓட்டும் அமெரிக்கக் குடும்பத்துக்கு டயர் விலை ஏறுகிறதே என்று அந்த நாட்டின் மனம் அவ்வளவு பதறியது. அந்தப் பதற்றத்தில் ஓர் இடத்திலாவது பால் வெட்டுபவரின் கூலி பற்றிய கேள்வி எழவில்லை. அந்தப் பத்தாண்டின் இறுதியில் மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளுக்கு நிர்ணயித்த கூலி ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு.

பிறகு சரிவு வந்தது. 1932இல் நியூயார்க் சந்தையில் ஒரு பவுண்டு கித்தா மூன்று சென்டுக்குப் போனது. கூலி குறைந்தது, வேலை நின்றது. 1930 முதல் 1932 வரை மூன்றே ஆண்டுகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் மலாயாவிலிருந்து கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். விலை ஏறியபோது அழைத்துவந்தார்கள், இறங்கியபோது அனுப்பினார்கள். டெட்ராயிட்டில் கார் விற்பனை படுத்தால் பேராக்கின் லயத்தில் அடுப்பு அணைந்தது. இந்தத் தொடர்பை நம் பள்ளி வரலாற்றுப் பாடம் நம் பிள்ளைகளுக்கு உரிய அழுத்தத்தோடு சொல்வதில்லை என்பது நம் நெடுநாள் வருத்தம்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1930இல் மலாயாத் தோட்டத் தமிழர் சட்டப்படி கொத்தடிமைகள் அல்லர். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிவுக்கு வந்தது. ஆகவே அந்த விலக்கு இல்லாதிருந்தாலும் பேராக் கித்தா ஆக்ரனுக்குப் போயிருக்கலாம். ஆனால் விலக்கு செய்த கெடுதல் வேறு வகையானது. கங்காணியிடம் பட்ட கடனும், தோட்டக் கடையில் எழுதிய பற்றும், துரை அனுமதியின்றி வெளியாள் உள்ளே நுழைய முடியாத லயமும் கட்டாய உழைப்பில் சேருமா சேராதா என்று அமெரிக்காவில் யாரும் விசாரிக்க வேண்டிய தேவையே அதனால் இல்லாமல் போனது. விசாரித்திருந்தால் விடை எப்படியும் வந்திருக்கலாம். கேள்வி எழாதபடி செய்ததே குற்றம்.

அமெரிக்க வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால் இந்தக் கைப்பழக்கம் பழையது என்று தெரியும். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர் என்று 1776இல் எழுதிய தாமஸ் ஜெஃபர்சன் அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவர். உள்நாட்டுப் போருக்குப் பின் 1865இல் அடிமைமுறையை ஒழித்த 13ஆம் அரசியலமைப்புத் திருத்தத்துக்குள்ளேயே, குற்றத்துக்கான தண்டனையாக என்றால் பரவாயில்லை என்ற விலக்கு உட்கார்ந்திருக்கிறது. அந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டு தென் மாநிலங்கள் கறுப்பின மக்களை அற்பக் காரணங்களுக்குச் சிறையில் தள்ளி, சுரங்கத்துக்கும் பருத்திக்காட்டுக்கும் வாடகைக்கு விட்டன. ஏவா டுவெர்னே 2016இல் எடுத்த ‘13th’ ஆவணப்படம் அந்தக் கதையை இன்றைய சிறைகள் வரை இழுத்துவந்து காட்டுகிறது. அமெரிக்காவின் உயர்ந்த இலட்சியங்களை நாம் மதிக்கிறோம், அவை பொய் என்று சொல்லவில்லை. இலட்சியத்தோடு விலக்கையும் சேர்த்தெழுதும் கையைத்தான் கண்டிக்கிறோம்.

இந்தக் கை திரைப்படத்திலும் தெரிகிறது. அமெரிக்க வெகுமக்கள் கலை உலகுக்குக் கொடுத்த பெரிய கனவு திறந்த சாலை. நீண்ட கார், வானொலியில் ராக் பாட்டு, வெட்டவெளியில் காரிலிருந்தே பார்க்கும் திரைப்படம், வீட்டை விட்டுப் புறப்படும் இளைஞன். நம் தலைமுறையும் அதில் மயங்கியது. அந்தச் சக்கரத்துக்கு யார் பால் எடுத்தார் என்று அந்தப் படங்கள் காட்ட வேண்டும் என்று கேட்கவில்லை, எல்லாக் கலையும் எல்லாவற்றையும் காட்டாது. ஆனால் அமெரிக்கச் சுதந்திரத்தின் அடையாளமாக ஒரு பொருளை உலகம் முழுவதும் கொண்டாடிக் காட்டும்போது, அதன் ஒரு பாதி அந்தக் காலமெல்லாம் இருட்டிலேயே நின்றது. அந்தப் பாதி நாம். வியட்நாம் படங்களிலும் இதே நிலைதான். எண்பதுகளில் ஈப்போத் திரையரங்குகளில் நாம் கைதட்டிப் பார்த்த படங்களில் அமெரிக்கப் படைவீரனுக்கு முகமும் மனமும் குற்ற உணர்ச்சியும் இருந்தன. வியட்நாமியக் கிராமத்தானுக்கு முகமே இல்லை.

அந்த முகமில்லாத கிராமத்தானுக்கும் பேராக்குக்கும் உள்ள உறவு நெருக்கமானது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்ஃபில் தோட்டத்திலும் ஃபின் சூன் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகளைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள். கொலை கொலைதான், அதற்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அதைத் தொடர்ந்து பிரிட்டன் அறிவித்த அவசரகாலம் கொலையாளிகளைத் தேடுவதோடு நிற்கவில்லை. தொழிற்சங்க இயக்கத்தின் முதுகெலும்பையே முறித்தது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ்.ஏ. கணபதி, ஆயுதம் வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டில் 1949 மே 4 அன்று பூடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். ஒரு தொழிற்சங்கத் தலைவனுக்குக் கைத்துப்பாக்கிக்காக மரணதண்டனை என்பது அநீதி என்று அன்று இந்தியாவிலும் குரல் எழுந்தது. இன்றும் அதுவே நம் தீர்ப்பு.

பிரிட்டனுக்கு ஏன் அவ்வளவு அவசரம்? போரில் நொடித்துப்போய் 1946இல் அமெரிக்காவிடம் 375 கோடி டாலர் கடன் வாங்கிய நாடு அது. அதன் குடியேற்ற நாடுகளில் டாலர் அதிகம் சம்பாதித்துக் கொடுத்தது மலாயா. கித்தாவும் ஈயமும். இரண்டுமே பேராக் மண்ணில் நிறைந்தவை, இரண்டையும் பெருமளவில் வாங்கியது அமெரிக்கா. 1950இல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. காட்டோரச் சீனர்கள் முள்வேலிக்குள் புதுக்கிராமங்களில் அடைக்கப்பட்டார்கள். ஈப்போவைச் சுற்றி இன்று நாம் சாதாரணமாகக் கடந்து போகும் சிமி, பெர்ச்சாம், குனோங் ராப்பாட் போன்ற இடங்களின் கதை அது. தோட்டத் தமிழரும் சிதறிக் கிடந்த லயங்களிலிருந்து பெயர்த்து ஒரே இடத்தில் வேலிக்குள் சேர்க்கப்பட்டார்கள். வாயிலில் சோதனை, அரிசிக்கு அளவு, இரவில் ஊரடங்கு. இந்த முறையை நடத்தியவர்களில் ஒருவரான ராபர்ட் தாம்சன் 1961இல் பிரிட்டிஷ் ஆலோசனைக் குழுவின் தலைவராக சைகோன் போனார். 1962இல் அமெரிக்கப் பணத்தில் வியட்நாமில் எழுந்த வேலிக்கிராமங்களுக்கு மலாயாவே முன்மாதிரி. இலை உதிர்க்கும் நஞ்சைக் காட்டின்மேல் தெளிக்கலாமா என்ற கேள்வி வாஷிங்டனில் எழுந்தபோதும், மலாயாவில் பிரிட்டன் செய்திருக்கிறதே என்ற முன்னுதாரணம் எடுத்துக்காட்டப்பட்டது. நம் தோட்டங்களில் ஒத்திகை பார்த்த கொடுமை, பன்மடங்கு பெருகி இன்னொரு ஏழை நாட்டின்மேல் விழுந்தது. நம்மேல் நடந்ததை அன்றே உரக்கச் சொல்லி ஆவணப்படுத்தியிருந்தால் அதைத் தடுத்திருக்க முடியுமா என்று தெரியாது. சொல்லாமல் விட்டது மட்டும் உண்மை.

1966 அக்டோபர் இறுதியில் அதிபர் லிண்டன் ஜான்சன் மலேசியா வந்தார். நெகிரி செம்பிலானில் அவர் பார்த்த பெல்டா நிலக்குடியேற்றம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நிலமற்றவருக்கு நிலம் கொடுத்த பெல்டா பெரிய திட்டம்தான். அதில் இடம்பெற்ற தோட்டத் தமிழர் மிகச் சிலரே என்பதும் நாடறிந்த செய்தி. அதே காலத்தில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட, லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் சாலையோரத்துக்கு வந்தன. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் தொழிலாளியிடம் பத்து பத்து வெள்ளியாகச் சேர்த்து 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தோட்டம் வாங்கியதே அந்த இருட்டில் நம்மவர் ஏற்றிய பெரிய விளக்கு.

தோட்டத்தை விட்டு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் மலிவு அடுக்குமாடிகளில் வளர்ந்தபோது, அமெரிக்காவிலிருந்து வேறொரு குரல் வந்து சேர்ந்தது. நியூயார்க் பிராங்ஸ் வட்டாரத்தின் கறுப்பின இளைஞர்கள் உருவாக்கிய ராப். தொண்ணூறுகளில் பொயட்டிக் அம்மோ, 2006இல் யோகி பி–நட்சத்திரா குழுவின் ‘வல்லவன்’ என்று நம் பிள்ளைகள் அதைத் தமிழாக்கித் தமிழ்நாட்டுக்கே அனுப்பினார்கள். போலீஸ் நிறுத்திச் சோதிக்கும் முகம், வேலை கேட்டால் மறுக்கப்படும் பெயர், ஊர் பேர் சொன்னாலே குண்டர் என்று முடிவெடுக்கும் பார்வை என்று அவர்களுக்குப் புரிந்த வலி அதில் இருந்தது. அமெரிக்கா நமக்குத் தந்தவற்றில் மிகச் சிறந்ததாக இதையே கருதுகிறோம். விலக்குக்கு ஆளானவர் ஒருவர் இன்னொருவரை அடையாளம் கண்டுகொண்ட தருணம் அது.

இப்போது 307ஆம் பிரிவுக்குத் திரும்புவோம். தாய்லாந்து இறால் தொழிலில் மனிதரைப் பூட்டி வைத்து வேலை வாங்கியதைச் செய்தியாளர்கள் 2015இல் அம்பலப்படுத்திய பிறகு, செனட்டர்கள் ஷெரோட் பிரவுனும் ரான் வைடனும் அந்த விலக்கை நீக்க முனைந்தார்கள். பிரவுன் அப்போது, ஆக்ரன் நகரம் இருக்கும் ஒஹையோவின் உறுப்பினராக இருந்தார். 2016 பிப்ரவரியில் அதிபர் ஒபாமா கையொப்பமிட, 1930இன் ஓட்டை அடைபட்டது. அந்த மூவருக்கும் நம் நன்றி உண்டு.

அடைபட்ட ஓட்டையின் விளைவு நேராக மலேசியாவில் தெரிந்தது. 2019 செப்டம்பரில் ஒரு கையுறை நிறுவனம், 2020 ஜூலையில் இன்னொரு கையுறை நிறுவனமான டாப் குளோவ், செப்டம்பரில் பெல்டாவின் வழிவந்த எஃப்ஜிவி, டிசம்பரில் சைம் டார்பி பிளாண்டேஷன் என்று அமெரிக்கச் சுங்கத்துறை தடைகளை விதித்தது. கட்டாய உழைப்பின் அறிகுறிகள் இருக்கின்றன என்பது அது கூறிய காரணம். சில மாதங்களிலேயே கணக்குகள் வெளிவரத் தொடங்கின. வேலைக்கு வருவதற்காக முகவர்களிடம் கடன்பட்டுக் கட்டிய பணத்தைத் திருப்பித் தர டாப் குளோவ் மட்டும் 13 கோடி வெள்ளிக்கும் மேல் ஒதுக்கியது. 2021 செப்டம்பரில் அதன் தடை நீங்கியது. சைம் டார்பியின் தடை 2023 பிப்ரவரியில் நீங்கியது.

இதில் நம் நிலைப்பாடு ஐயத்துக்கு இடமில்லாதது. தடை விதித்தது சரி. அமெரிக்காவின் கை சுத்தமா என்று கேட்பவர்களுக்கு, சுத்தமில்லை என்பதே நம் விடையும். 2020 மார்ச் 24 அன்று, கையுறைக்கு உலகமே தவித்த அந்த வாரத்தில், 2019இல் தடைபட்ட நிறுவனத்தின் தடையை அமெரிக்கா அவசரமாக விலக்கிக்கொண்டது. நிறுவனம் திருந்திவிட்டது என்று விளக்கம் தந்தது. தேவை வந்தால் விலக்கு வரும் என்ற பழைய கணக்கை நினைவுள்ளவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனாலும், கடன்பட்டு வந்த வங்காளதேசத்து இளைஞனின் கைக்குப் பணம் திரும்பியது. கேட்டவன் யார் என்பதால் அந்தப் பணத்தின் நியாயம் குறைந்துவிடாது. பெரிய நாடு சின்ன நாட்டை மிரட்டுகிறது என்று அப்போது நம்மில் சிலர் தேசப்பற்றோடு பேசினார்கள். பத்தடி லயத்தில் பிறந்தவரின் வழிவந்தவர்கள் அப்படிப் பேசியிருக்கக் கூடாது.

ஏனென்றால் இன்று பேராக்கின் செம்பனைத் தோட்டங்களில் நம் பாட்டி படுத்த அதே இடத்தில் இன்னொருவர் படுத்திருக்கிறார். பெரட்டு இருக்கிறது, மண்டோர் இருக்கிறார், பிடித்தம் இருக்கிறது. மொழி மட்டும் மாறியிருக்கிறது. அவர் ஊரில் நிலத்தை அடகு வைத்து முகவருக்குக் கொடுத்த கடனைத் தீர்க்கவே ஆண்டுகள் ஓடுகின்றன. கங்காணிக் கடன் என்றால் என்னவென்று உலகில் வேறு எந்தச் சமூகத்துக்கும் நாம் விளக்க வேண்டியிருக்கலாம், நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அதிகாரம் நம்மிடம் இல்லை என்றும் சொல்ல முடியாது. 1955இல் மலாயாவின் தொழிலாளர் அமைச்சராகப் பொறுப்பேற்றவர் சுங்கை சிப்புட்டின் சம்பந்தன். 2018 முதல் 2023 வரை மனிதவள அமைச்சைத் தொடர்ந்து வகித்த மூவருமே பேராக் தொகுதிகளின் தமிழ் உறுப்பினர்கள்: ஈப்போ பாராட்டின் எம். குலசேகரன், தாப்பாவின் எம். சரவணன், பத்து காஜாவின் வி. சிவகுமார். குலசேகரன் காலத்தில், தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் மட்டும் இருந்த தொழிலாளர் குடியிருப்புச் சட்டம் மற்றத் துறைகளுக்கும் விரிந்தது. நம் லயங்களின் நிலையைப் பார்த்து எழுதிய சட்டம் அடுத்தவருக்கும் குடையானது நல்ல செயல். 2020 டிசம்பரில் ஒரு கையுறை ஆலையின் தங்குமிடத்தைக் கண்ட சரவணன், நவீன அடிமைத்தனம் என்று அதைச் சொல்லத் தயங்கவில்லை. பாராட்டுகிறோம். ஆனால் மூன்று கட்சிக்காரர்கள் அல்லர் இவர்கள், இரண்டு கட்சிக்காரர்கள்; ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் தொடங்கியிருக்கலாம். முகவர் கட்டணம் என்னும் கடன்பொறியை வேரோடு பிடுங்கும் சட்டம் ஐந்தாண்டில் வரவில்லை. வாஷிங்டனில் ஓர் அதிகாரி கோப்பைத் திறந்த பிறகுதான் இங்கே பெட்டகங்கள் திறந்தன. 2025 ஏப்ரலில் அமெரிக்கா 24 விழுக்காடு வரி என்று அறிவித்ததும் பேச்சுவார்த்தைக்கு ஓடிய வேகத்தில் கால்வாசி, தொழிலாளியின் கடனுக்கு முன்பே காட்டப்பட்டிருந்தால் அந்தத் தடைகளுக்கே வேலை இருந்திருக்காது.

அரசையும் பெருநிறுவனத்தையும் சொல்லிவிட்டு நம் வீட்டுக் கதவைத் தாண்டிப் போவது அழகன்று. நம்மவர் நடத்தும் உணவகங்களில், முடிதிருத்தும் நிலையங்களில், துணிக்கடைகளில் தமிழ்நாட்டிலிருந்து வந்த இளைஞர்கள் வேலை செய்கிறார்கள். அவர்களில் எத்தனையோ பேரின் கடப்பிதழ் முதலாளியின் மேசைக்குள் பூட்டிக் கிடக்கிறது. ஓடிவிடுவான் என்பது சொல்லப்படும் காரணம். அதே காரணத்தைத்தான் துரையும் சொன்னார். பிறர் கடப்பிதழைப் பிடித்து வைப்பது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். கோயில் திருவிழாவுக்கு ஆயிரமாயிரமாக நன்கொடை எழுதும் கையே மூன்று மாதச் சம்பளத்தை நிறுத்தி வைக்கும் கையாகவும் இருப்பதை இந்தச் சமூகம் பார்த்தும் பேசாமல் இருக்கிறது. இதுவும் பாவம், பெரிய பாவம். அமெரிக்க நாடாளுமன்றம் செய்ததை விடச் சிறியது என்று நாம் ஆறுதல் கொள்ள மாட்டோம்.

சட்டத்திலும் நமக்கு ஒரு 307 இருக்கிறது. வீட்டுப் பணியாளர்களை 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் முக்கியமான பாதுகாப்புகள் தொடுவதில்லை. வாராந்திர ஓய்வுநாள் அவர்களுக்குச் சட்ட உரிமை இல்லை, வேலை நேர வரம்பு இல்லை. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியானபோதும் அந்த ஆணை அவர்களை வெளியே நிறுத்தியது. 2021இல் சொக்சோ காப்புறுதி அவர்களுக்கும் கிடைத்தது, அந்த மட்டில் சரி. மற்றதற்கெல்லாம் சொல்லப்படும் நியாயம் என்ன? நடுத்தரக் குடும்பத்தால் தாங்க முடியாது, வீட்டுக்கு ஆள் தேவை. 1930இல் அமெரிக்கா சொன்ன நியாயமும் தேவைதான். ஈப்போவின் நல்ல குடியிருப்புகளில், படித்த தமிழ்க் குடும்பங்களிலும், இந்தோனேசியாவிலிருந்து வந்த ஒரு பெண் விடியுமுன் எழுந்து நள்ளிரவில் படுக்கிறாள். மருத்துவரும் வழக்கறிஞரும் ஆசிரியரும் வாழும் வீடுகள் அவை. அவர்களில் பலருடைய பாட்டி பால்மரம் வெட்டியவர்.

வீட்டுப் பணியாளரை விலக்கும் அட்டவணையை நீக்கி, ஓய்வுநாளும் குறைந்தபட்சச் சம்பளமும் அவர்களுக்கும் பொருந்தும் என்று திருத்தம் கொண்டுவர வேண்டும். பேராக்கிலிருந்து நாடாளுமன்றம் சென்றிருக்கும் தமிழ் உறுப்பினர்கள் கட்சி பார்க்காமல் சேர்ந்து இதை முன்மொழிய வேண்டும். முகவர் கட்டணத்தைத் தொழிலாளியிடம் வாங்குவதைக் குற்றமாக்கி, வாங்கியதை முதலாளியே திருப்பித் தர வேண்டும் என்ற விதியை, இனியொரு அமெரிக்கத் தடை வருமுன் நம் சட்டமே சொல்ல வேண்டும். இவை நிறைவேற மாதங்கள் ஆகலாம். பூட்டி வைத்த கடப்பிதழைத் திருப்பிக் கொடுக்க எந்தச் சட்டத்திருத்தமும் வேண்டியதில்லை. நம் கடைக்காரர்கள் அதை இந்த வாரமே செய்யட்டும். செய்யாதவர்கள்மீது தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யும் பொறுப்பை நம் சங்கங்களும் கோயில் நிர்வாகங்களும் ஏற்கட்டும்.